இடுப்பில் இருப்பதைச் சொல்லும் விதம்

ஏப்ரல் 12, சனி

இன்று எங்கள் தேவாலயச் சபைக்கு முழுப் பன்றி. ஹிக்கரி மர விறகில் நிதானமாக வேகவைத்து, மதியம் அடுப்பு மூடியைத் திறந்தேன். வாசனை வர்ஜீனியா எல்லையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவர் ஒரு வாய் தின்றுவிட்டு அழுதார். வினிகர் சாஸ் கண்ணில் தெறித்துவிட்டது என்கிறாள் ஒடெஸா. முப்பது வருஷமாக என் மனைவியாக இருந்தும் அவளுக்குக் கலை தெரியவில்லை.

துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகும் அனுமதி அட்டை புதுப்பித்து வந்துவிட்டது. படத்தில் ஒரு நீதிபதி மாதிரி இருக்கிறேன். குறி பார்க்கும் தேர்வில் நான் சுட்டதைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பவரே தொப்பியைக் கழற்றிவிட்டார். (வெயில் அதிகம்தான். ஆனாலும் கழற்றினார்.)

சாப்பிடும்போது ஒடெஸா கேட்டாள்: "லெம், போலீஸ் வண்டியை நிறுத்தினா என்ன சொல்லுவ?"

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் பேச்சில் எனக்குக் குறை வைக்கவில்லை ஆண்டவர். கரண்டியை ஸ்டீரிங் மாதிரி பிடித்துக்கொண்டு சொன்னேன்: "வாங்க ஆபீசர், சௌக்கியமா? நான் லெமுவேல் ஹார்க்ரோவ், நார்த் கரோலினாவிலேயே பெரிய பன்றி சுடுற ஆளு. என் இடுப்புல ஒரு துப்பாக்கி இருக்கு, அது சாதாரணத் துப்பாக்கி இல்ல, அதுக்கு ஒரு கதை இருக்கு—"

"செத்துட்ட," என்றாள்.

"என்ன?"

"துப்பாக்கின்னு சொன்ன எடத்துலயே செத்துட்ட. அதுக்கப்புறம் பேசினதெல்லாம் சவப்பெட்டிக்குள்ள இருந்து பேசினது."

சோளரொட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மழை. விறகு நனைந்தது. ஒடெஸா இன்னும் அதையேதான் பேசுகிறாள்.

ஏப்ரல் 19, சனி

நான் ஏன் துப்பாக்கி வைத்துக்கொள்கிறேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குச் சமைத்துவிட்டு வரும்போது, பெட்ரோல் பங்க்கில் ஏழு பேர் என்னைச் சுற்றி வளைத்தார்கள். ஏழும் மலை மாதிரி. பின்சீட்டு வைத்த என் லாரி, அடுப்பு, டிரெய்லர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். லாரி இரண்டு நாள் கழித்து ஒரு புகையிலைக் காட்டில் கிடைத்தது. அன்றிலிருந்து வெறும் இடுப்போடு நான் வெளியே போவதில்லை.

இதை இன்று முற்றத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒடெஸாவின் தம்பி வெண்டல் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவன்தான் என் கூட டிரெய்லரில் வேலை செய்கிறவன்.

"மச்சான், போன வருஷம் சொன்னப்ப நாலு பேரு," என்றான்.

"மீதி மூணு பேரு காருக்குள்ள இருந்தாங்கடா."

"ஒரே ஆளுன்னு அக்கா சொன்னா. அதுவும் நொண்டி."

உள்ளேயிருந்து ஒடெஸா சிரிக்கும் சத்தம் கேட்டது. அவமானப்படுத்துவதற்கென்றே ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர்.

பிறகு பேச்சு அந்த விஷயத்துக்கே வந்தது. எங்கள் நார்த் கரோலினாவில் அனுமதி அட்டைக்காரன் துப்பாக்கியோடு இருந்தால், போலீஸ் கிட்டே வந்ததுமே தானாகச் சொல்லிவிட வேண்டும். அது சட்டம். ஏரிப் பாலம் தாண்டி வர்ஜீனியாவுக்குள் போனால் கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று அனுமதி அட்டைக்கான வகுப்பில் சொன்னார்கள். நாங்களோ வாரம் ஒரு முறை அங்கே சமைக்கப் போகிறவர்கள்.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? சொல்லாத," என்றான் வெண்டல். "நான் சொன்னேன். என்ன கிடைச்சுது?"

என்ன கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அவனை நிறுத்தினார்கள். இவன் மரியாதையாக, "சார், துப்பாக்கி இருக்கு," என்றான். அவ்வளவுதான். ஜல்லிமேல் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் முழங்காலை அழுத்தி, கையில் விலங்கு. எல்லாம் சரிபார்த்துவிட்டு, "போகலாம்," என்றார்கள். ஆனால் வெண்டலின் கன்னத்தில் அந்த ஜல்லித் தடம் இருக்கிறது. அதற்கப்புறம் அவன் துப்பாக்கியையும் அட்டையையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டான்.

"சட்டம் வெள்ளைக்காரங்களுக்கு. ஜல்லி நமக்கு," என்றான். பிளந்துகொண்டிருந்த கட்டையை விட்டுவிட்டு உள்ளே போனான்.

நான் சொன்னேன்: அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். என்னிடம் பேச்சு இருக்கிறது.

மே 3, சனி

டிரெய்லரின் பின்விளக்கு வயர் மறுபடி கழன்றிருக்கிறது. டேப் ஒட்டினேன். ஒரு பொறியாளர் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்.

மே 10, சனி

நிறுத்திவிட்டார்கள்.

வர்ஜீனியாப் பக்கம், நல்ல பகல். கல்யாண வீட்டுக்குப் பன்றி கொண்டு போய்க்கொண்டிருந்தோம். பின்னால் போலீஸின் நீல விளக்கு. டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லையாம். டேப் உருகிவிட்டது. டேப் செய்தவன் தப்பு.

துப்பாக்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தது. வண்டி ஓட்டும்போது இடுப்பில் குத்துகிறது என்று அங்கேதான் வைப்பேன். போலீஸ்காரர் நடந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது. வெண்டல் என் தொடையைக் கிள்ளினான். "இது வர்ஜீனியா. சொல்லாத. சொல்லாத மச்சான்."

நான் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருக்கலாம். தெரியவில்லை. அவனுடைய கன்னத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை.

"லைசென்ஸ், வண்டிப் பதிவுச் சீட்டு," என்றார்.

லைசென்ஸைக் கொடுத்தேன். பதிவுச் சீட்டுக்காகக் கை நீட்டினேன்—

பதிவுச் சீட்டு துப்பாக்கிக்கு அடியில் இருக்கிறது.

கை பாதியில் நின்றுவிட்டது. எத்தனை வருஷமாக அந்தப் பெட்டியைத் திறக்கிறேன்! ஒரு தடவையாவது தோணுச்சா? சட்டப்படி காட்ட வேண்டிய காகிதத்தை எடுக்க, காட்டவே கூடாத சாமான் மேல கை போகணும். எந்த முட்டாள் அப்படி வைப்பான்? நானேதான்.

"கையை ஏன் நிறுத்திட்டீங்க?" அவர் குரல் மாறிவிட்டது.

"சார், அந்தப் பெட்டியை நான் திறக்க முடியாது."

"ஏன்?"

அப்போது வந்தது பேச்சு. அணை உடைந்த மாதிரி. துப்பாக்கி இருக்குது சார், அட்டை இருக்குது சார், பெட்ரோல் பங்க்ல ஏழு பேர், பின்னாடி பன்றி, கல்யாணம், என் பேரு— அவர் பின்னால் நகர்ந்து கையை இடுப்பில் வைத்தார். "வாயை மூடுங்க! கை! கை தெரியணும்!"

இரண்டு பேரையும் இறக்கினார். இன்னொரு போலீஸ் வண்டியும் வந்தது. தடுப்புக் கம்பி மேல் உட்கார வைத்தார்கள். வெண்டல் ஜல்லியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பல் கிட்டித்தது, மே மாத வெயிலில்.

கடைசியில் எல்லாம் சரி என்று துப்பாக்கியைக் குண்டு நீக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் மிகவும் கம்பீரமாக நடந்துகொண்டேன். கல்யாண வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை பென்சில் முனை உடைந்துவிட்டது, பென்சில் செய்தவன் தப்பு.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். ஒடெஸா பாடகர் குழுவை நடத்தினாள். வெள்ளை உடை, தொப்பியில் ஊதாப் பூ. என் அடிக்குரல் சபையின் ஜன்னலை ஆட்டியது.

சபை முடிந்ததும் வெண்டல் அவளிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டான். யூதாஸ்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. லாரி கதவைத் திறந்து வைத்தேன், ஏறவில்லை.

"லெம், உன் பேச்சைக் கேட்டு நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அதே பேச்சு உன்னைக் கொன்னுடும். அதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்க என்னால ஆகாது."

"இனி ஏறவே மாட்டியா?"

"ஜூலைல எங்க குடும்ப ஒன்றுகூடலுக்கு நீதான பன்னி சுடுற? நான் என் தங்கச்சி கார்ல வர்றேன். நீ லாரில வா."

அவள் குடும்பம் முழுக்கப் பார்க்க, லெமுவேல் ஹார்க்ரோவ் தனியாக வந்து இறங்குவதா? முன்சீட்டில் மனைவிக்குப் பதில் முட்டைக்கோஸ் கலவை வாளியா?

மே 14, புதன்

துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெட்ரோல் பங்க் வந்ததும் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. திரும்பி வந்து எடுத்துக்கொண்டேன்.

சொல்வதா, வேண்டாமா? சொன்னவன் ஜல்லியில் கிடந்தான். சொல்லாதவன் பெட்டியில் கை வைக்கப் போய்ச் சாகப் பார்த்தான். எங்கள் கறுப்புத் தோலுக்கு எதைச் செய்தாலும் தப்பாகிறது. ஆனால் வெண்டல் சொன்னதால் அவனை நிறுத்திய போலீஸுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நான் சொல்லாமல் பெட்டியைத் திறந்திருந்தால் என்னை நிறுத்தியவருக்கு முன்கூட்டியே ஒன்றும் தெரிந்திருக்காது. முன்பே தெரிந்த போலீஸா, தெரியாத போலீஸா, எவன் குறைவாகப் பயப்படுவான்?

எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. எந்தக் கதையும் இதற்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

மே 24, சனி

லாரியை மாற்றி அமைத்தேன். லைசென்ஸ், அனுமதி அட்டை, பதிவுச் சீட்டு மூன்றும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறையில், ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி தொங்குகிறது. துப்பாக்கி இடுப்பில், நல்ல தோல் உறையில், குத்தினால் குத்தட்டும். டேஷ்போர்டு பெட்டியில் இனி காகிதக் கைக்குட்டைகள் மட்டும். இந்த ஏற்பாட்டை அமெரிக்காவில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று நினைக்கிறேன்.

வெண்டலைக் கூப்பிட்டுக் காட்டினேன். உறையைத் தொட்டுப் பார்த்தான். "சாமானைச் சரியா வச்சுட்ட மச்சான். உன் வாயை எங்க தொங்க விடப்போற?"

ஜூன் 5, வியாழன்

பாடகர் குழு ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒடெஸா கதவைச் சாத்தினாள். என்னை ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தாள். கையில் ஒரு காகிதத் தட்டைக் கொடுத்தாள்.

"இதுதான் ஸ்டீரிங். ரெண்டு கையும் மேல. விரல் விரிஞ்சு இருக்கணும்."

அவள் பியானோ பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். போலீஸ்காரர் நடை. நிஜமாகவே பயமாக இருந்தது.

நான் ஆரம்பித்தேன். "வணக்கம் ஆபீசர், அழகான சாயங்காலம்—"

"செத்துட்ட."

"என்கிட்ட அனுமதி அட்டை இருக்கு, படத்துல கொஞ்சம் நீதிபதி மாதிரி—"

"செத்துட்ட."

"ஆபீசர், இடுப்புல துப்பாக்கி இருக்கு—"

"அதைத்தான வெண்டல் சொன்னான்! மொதல் வார்த்தையே துப்பாக்கின்னா அவன் காதுல வேற எதுவும் ஏறாது. அட்டை மொதல்ல. அப்புறம் மத்தது. அப்புறம் எங்க இருக்குன்னு. அப்புறம் அவனைக் கேளு. முடிஞ்சுது."

பிறகு அவள் பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டையைத் தட்டினாள். "இந்த சுரத்துல பாடு. சங்கதி போடாத. இருபது வருஷமா என் குழுவுல நீ ஒரு பாட்டையாவது எழுதினபடி பாடியிருக்கியா? ஆமென்னுக்கே நீ பதினாறு சங்கதி போடுவ. இன்னைக்கு நேரா பாடு."

நான் பாடினேன். ஒரே சுரத்தில்.

அட்டை இருக்கு. துப்பாக்கியும் இருக்கு. வலது இடுப்புல. என்ன செய்யட்டும்?

நாலு மூச்சு. நாலாவது மூச்சுக்கு அப்புறம் வாய் மூடணும். அதுதான் கஷ்டம். மூடின வாய்க்குள்ள ஒரு முழுப் பன்றி புரளுற மாதிரி இருந்துச்சு.

"மறுபடியும்," என்றாள். அதே கட்டையைத் தட்டினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு தடவை பாடினேன்.

ஜூன் 19, வியாழன்

அடிமைத்தனம் ஒழிந்த விடுதலை நாள் விருந்து. சிவப்பு சோடா, சிவப்பு தர்ப்பூசணி, என் பன்றி. வெண்டல் டார்ச் லைட்டோடு போலீஸ் மாதிரி, நான் போன மேசைக்கெல்லாம் வந்து என்னை நிறுத்தினான். வாயில் இறைச்சி இருக்கும்போதுகூட. எல்லாத் தடவையும் பிழைத்தேன். கடைசித் தடவை மட்டும் நடுவில் ஒரு சின்னக் கதை சேர்த்துவிட்டேன். ரொம்பச் சின்னது.

ஒடெஸா பார்த்துவிட்டாள்.

ஜூலை 12, சனி

இதை எழுதும்போது எழுந்து நின்று எழுத வேண்டும்போல இருக்கிறது.

குடும்ப ஒன்றுகூடலுக்குப் போகும் வழி. லாரியில் நான், பக்கத்தில் வெண்டல், பின்னால் டிரெய்லரில் பன்றி. அதற்குப் பின்னால் தங்கச்சி காரில் ஒடெஸா. ஏரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் நார்த் கரோலினாவில், லைசென்ஸ் சோதனை. ஐம்பது போலீஸ் வண்டி, மேலே ஹெலிகாப்டர். ஹெலிகாப்டர் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

வரிசை நகர்ந்தது. வெண்டல் இரண்டு உள்ளங்கையையும் டேஷ்போர்டில் பரப்பி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது. நான் ஜன்னலை இறக்கினேன். கை ஸ்டீரிங் மேலே. விரல் விரிந்து.

போலீஸ்காரர் இளைஞர், செம்பட்டை மீசை. இனி எழுதப்போவதில் ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை.

"ஆபீசர், என்கிட்ட மறைச்சு எடுத்துட்டுப் போறதுக்கு அனுமதி அட்டை இருக்கு. துப்பாக்கியும் என்கிட்ட இருக்கு. வலது இடுப்புல. நான் என்ன செய்யட்டும்?"

அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "சரி சார். நீங்க உங்களுதைத் தொடாதீங்க, நானும் என்னுதைத் தொடல. லைசென்ஸ் எங்க?"

"அந்த உறையில. எடுக்கட்டுமா?"

"எடுங்க."

எடுத்தேன். கொடுத்தேன். பார்த்தார்.

அப்போது ஆண்டவர் என்னைச் சோதித்தார். அந்த இளைஞர் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தார். "பின்னாடி என்ன சார்?"

யோசித்துப் பாருங்கள். என்னிடம் கேட்கிறார். என்னிடம்! எத்தனை மணி நேரம் வேகவைத்தேன், எந்த மரத்து விறகு, தின்றுவிட்டு அழுத பெரியவர், எல்லாம் தொண்டைக்கு வந்து வரிசையில் நிற்கிறது.

"பன்றி, சார்," என்றேன்.

"சாஸ் வினிகரா, தக்காளியா?"

இதற்காக இந்த மாநிலத்தில் அண்ணன் தம்பி பேச்சு நின்றிருக்கிறது. இதற்காக நான் ஒரு போதகரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

"வினிகர், சார்."

வாயை மூடினேன்.

அவர் சிரித்துவிட்டார். "நல்ல ஆளு. போங்க, பத்திரம்."

லாரியை நகர்த்தினேன். வெண்டல் கண்ணைத் திறக்கவில்லை. "முடிஞ்சுதா?" என்றான். முடிந்தது என்றேன். "ஜல்லி எங்க?" என்றான். பின்னாடி போச்சுடா என்றேன். அப்புறம் அவன் தலையை டேஷ்போர்டில் சாய்த்துக்கொண்டான். நான் பேசவில்லை. இப்போதுதான் கற்றுக்கொண்ட வித்தை, அதை அங்கேயும் பயன்படுத்தினேன்.

அடுத்த கடை வாசலில் நிறுத்தினோம். தங்கச்சி காரும் வந்து நின்றது. ஒடெஸா இறங்கி, ஊதாப் பூத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நேராக லாரிக்கு நடந்து வந்தாள். வெண்டல் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்கு."

"அக்கா, நான் எங்க போறது?"

"பின்சீட்டுக்குப் போ."

ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள்.

"ஒண்ணும் காதுல விழல," என்றாள். "பின்னாடி கார்லருந்து உன் வாயை மட்டும் லாரியோட பக்கக் கண்ணாடியில பார்த்தேன், லெம். அசைஞ்சுது. நின்னுது. மறுபடி அசைஞ்சுது. நின்னுது." கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். "நான் கல்யாணம் பண்ணின நாள்லருந்து அது தானா நின்னு நான் பார்த்ததில்ல."

குடும்ப ஒன்றுகூடலில் நாங்கள் இறங்கியபோது எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். பன்றிக்காக என்கிறான் வெண்டல். அவனுக்கு என்ன தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

சபையில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு ஹெலிகாப்டர். ஒடெஸா திருத்தவில்லை.

ஜூலை 31, வியாழன்

ஒத்திகை முடிந்ததும் அடிக்குரல் ஆண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கையில் காகிதத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒடெஸா பியானோக் கட்டையைத் தட்டினாள்.

வெண்டல் கடைசியில் உட்கார்ந்தான். அவன் முறை வந்தபோது இரண்டாவது மூச்சில் குரல் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஒடெஸா அவனுக்கு "செத்துட்ட" என்று சொல்லவில்லை. கட்டையை மறுபடி தட்டினாள். காத்திருந்தாள். அவன் முடித்தான். நாலு மூச்சும்.

சொன்னால் ஜல்லியில் படுக்க வைக்கவே மாட்டார்கள் என்று நான் எழுதவில்லை. அதை எழுத எனக்கே துணிச்சல் இல்லை. ஆனால் சொல்லாமல் கையை நகர்த்துவதைவிடச் சொல்லிவிட்டுக் கையை அசையாமல் வைத்திருப்பது மேல். பாலத்துக்கு இந்தப் பக்கமும், அந்தப் பக்கமும்.

ஆகஸ்ட் 9, சனி

வர்ஜீனியாவில் ஒரு கல்யாணம். காலையிலேயே கிளம்பினோம். பின்விளக்கு புதுசு, வயரும் புதுசு.

முன்சீட்டில் ஒடெஸா. செருப்பைக் கழற்றிவிட்டு, அவித்த வேர்க்கடலையைத் தின்று தோலை என் பக்கம் போட்டுக்கொண்டு வந்தாள். வெண்டல் பின்சீட்டில், முழங்கால் தாடையைத் தொட, மடியில் வினிகர் குடுவை.

"அக்கா, சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளேன். கால் செத்துப்போச்சு."

"தள்ள மாட்டேன்," என்றாள் ஒடெஸா, காலை நன்றாக நீட்டிக்கொண்டு. "ரொம்ப தூரம் போறோம்ல."